இளஞ்சிவப்புப் பூஞ்சையும் குளியலறைத் திரையும்

ஏப்ரல் 5, சனி

சனிக்கிழமை, வாஃபிள் நாள். ஓட்வார் சுட்டுச் சுட்டு அடுக்க, நான் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிப் போட்டு நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தேன். ஐந்தாவதை மடித்து வாயில் வைக்கும்போது குன்வோர் அதைச் சொன்னாள்.

"ஐவிந்த், உன் பூஞ்சை பனியாத்துலேர்ந்து வந்துதுன்னு நீ மட்டுந்தான் நெனச்சுக்கிட்டிருக்கே. நம்ம குளியலறைத் திரையோட அடி ஓரத்தைப் போய்ப் பாரு. இதே ரோஸ் கலர்ல வழவழன்னு கெடக்கு."

ஓட்வார் சிரித்த சிரிப்பில் மாவுக் கரண்டி தரையில் விழுந்தது. எங்கள் நாய் பம்சே வந்து அதை நக்கியது.

பனியாற்றின் அடிமடியில், பல நூறு வருடப் பனிக்குள், வெளிச்சமும் இல்லாமல் தீனியும் இல்லாமல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த ஜீவன் அது. போன இலையுதிர்காலத்தில் துளைத்து எடுத்தேன். பனியை உருக்கி, கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டுகளில் தெளித்து, குளிர் அறையில் வைத்து, சூரியனே உதிக்காத இருட்டு மாதங்கள் முழுக்கக் காத்திருந்தேன். சூரியன் திரும்பி வந்த வாரத்தில்தான் நான்கு தட்டுகளில் குண்டூசித் தலையளவு இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. நான் அழுதேன். யாரும் பார்க்கவில்லை. நாய் பார்த்தது.

அதைப் போய்க் குளியலறை வழவழப்பு என்கிறாள்!

வயிற்றெரிச்சல், வேறென்ன. இந்த ஆய்வு நிலையத்தில் இருப்பது ஒரே ஒரு குளிர் அறை, அது என்னிடம் இருக்கிறது. அவள் காற்றை வடிகட்டி, ஐரோப்பாவிலிருந்து எவ்வளவு புகை இந்த வடதுருவத்து ஸ்வால்பார்ட் மூலைவரை வருகிறதென்று கணக்கெடுக்கிறவள். அவளுடைய வடிகட்டித் தாள்கள் ஓட்வாரின் காட் மீன்களோடு ஒரே உறைபெட்டியில் கிடக்கின்றன. அறையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று இரண்டு பேருமே சொன்னதில்லை. அவள் தாளில் என் பூஞ்சை ஏறிவிடுமாம். என் பூஞ்சைமேல் அவள் புகை படிந்துவிடும்.

மூன்று பேர் வாழும் இடத்தில் ஒருத்தி எதிரி என்றால் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு எதிரி என்று அர்த்தம். நாயைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். நாய் அவள் கட்சி.

ஏப்ரல் 6, ஞாயிறு

குளியலறைத் திரையைப் பார்த்தேன். அதே நிறம்தான். பார்த்திருக்கக் கூடாது.

ஏப்ரல் 9, புதன்

டிரோம்ஸோ தலைமை அலுவலகத்திலிருந்து போர்கில்ட் போனில் பேசினார். தலைவி பேசுகிறார் என்றாலே எனக்குக் கால் தானாக எழுந்து நிற்கும். இன்று நின்றுகொண்டே கெட்ட செய்தி கேட்டேன்.

"மே பதினேழு தேசிய நாள் கொண்டாட்டத்துக்கு நான் அங்க வரேன். அன்னிக்கே ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணிடுவோம். அது பனியிலயே வாழ்ற பூஞ்சைன்னு நீ நிரூபிச்சா குளிர் அறை உனக்கு. இல்லேன்னா குன்வோருக்கு. அவ தாள்ல மீன் வாடை அடிக்குதுன்னு ஆய்வுக்கூடத்துல எல்லாரும் மூக்கைப் பிடிச்சுக்கறாங்க."

"ஆகட்டும்," என்றேன். வேறு என்ன சொல்ல?

வெளியே மைனஸ் இருபது. உலகத்திலேயே குளிருக்குப் பஞ்சமில்லாத ஊரில் ஒரு குளிர் அறைக்கு அடிதடி. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் வெளிக்குளிர் ஏறும், இறங்கும், இஷ்டத்துக்கு ஆடும். என் பூஞ்சைக்கு ஒரே சீராக நான்கு டிகிரி வேண்டும். எங்கள் குளிர் அறை உண்மையில் வெளியைவிடக் கதகதப்பான அறை.

அந்த அறை போனால் என் பூஞ்சையும் போயிற்று. எனக்கு வயது நாற்பத்து மூன்று. இதுவரை நான் கண்டுபிடித்ததெல்லாம் வேறு யாரோ முன்பே கண்டுபிடித்தவை. இது ஒன்றுதான் என்னுடையது.

ஏப்ரல் 11, வெள்ளி

எதிரியின் வாதத்தை அடியோடு முறிப்பதென்று கிளம்பினேன். நிலையத்தில் இளஞ்சிவப்பாக எது வளர முடியுமோ அதிலெல்லாம் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து, தட்டுகளில் தீட்டினேன். குளியலறைத் திரை. குழாய் மூக்கு. குன்வோரின் சோப்புப் பெட்டி. நாயின் கிண்ணம். ஓட்வாரின் டூத்பிரஷ்.

டூத்பிரஷ்ஷில் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

"டேய், என் பிரஷ்ஷை வெச்சு என்னடா பண்றே?"

"ஆராய்ச்சி."

"இதுக்கு முன்னாடியும் பண்ணியிருக்கியா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி தாமதித்துவிட்டேன். அதிர்ச்சியில்தான். நான் அப்படி எதுவும் செய்ததில்லை. ஆனால் அந்த ஒரு நொடியை அவன் சாகும்வரை மறக்கமாட்டான்.

சாப்பாட்டு மேஜைக்குப் பிரஷ்ஷைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்தான். அறுபது வயது மனிதன். ஜெனரேட்டரையும் அடுப்பையும் எங்கள் இருவரையும் கட்டி மேய்க்கிறவன். மீன் சூப்பைக் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தபடி பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ஈஸ்டர் விடுமுறை. எங்கள் நாட்டு ஈஸ்டர் வழக்கப்படி ஆரஞ்சு உரிப்பதும் கொலைக்கதை படிப்பதுமாக மூன்று பேரும் அடுப்பைச் சுற்றிச் சாய்ந்திருக்கிறோம். குன்வோர் படித்து முடித்த புத்தகத்தை என்னிடம் தரும்போது, "டாக்டர்தான் கொலைகாரன்," என்று சொல்லிவிட்டுத் தந்தாள். இவளையெல்லாம் என்ன செய்வது?

சோதனை முடிவு: குளியலறைத் திரைத் தட்டில் மட்டும் இளஞ்சிவப்பு. சோப்புப் பெட்டி சுத்தம். டூத்பிரஷ் தட்டில் வெள்ளை, பச்சை, மஞ்சள் என்று ஒரு பூந்தோட்டமே வந்திருக்கிறது. ஓட்வாரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை.

திரைத் தட்டை என் நான்கு தட்டுகளோடு அதே பெட்டியில், அதே குளிரில் வைத்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே நிறம். நுண்ணோக்கியிலும் ஒரே உருண்டை. உடன்பிறப்பு மாதிரி இருக்கின்றன.

குன்வோர் ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டு என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கு ஏன் இவ்ளோ மண்டையை ஒடைச்சுக்கறே? சூட்டுல வெச்சுப் பாரேன். பனியில பொறந்தது சூடு தாங்காம செத்துப்போகும். குளியலறையில பொறந்தது ஜம்முனு பொழைச்சுக்கும். அவ்ளோதானே?"

காற்றை வடிகட்டுகிறவளுக்கு இது எப்படித் தெரிந்தது? எனக்கு இது முதல் நாளிலிருந்தே தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

இன்று செய்துவிடுவதென்று தீர்மானித்தேன். ஒரே ஒரு தட்டு. குளிர் அறையிலிருந்து எடுத்து, நடைவழியைக் கடந்து, ஜெனரேட்டர் அறையின் வெந்நீர்க் குழாய்மேல் வைக்க வேண்டியது. அவ்வளவுதான் வேலை.

நடைவழிப் பாதியில் நின்றுவிட்டேன். தட்டைப் பார்த்தேன். எத்தனை நூறு வருடம் தாக்குப்பிடித்த உயிர், என்னை நம்பி வெளியே வந்திருக்கிறது, அதை நான் அக்னிப் பரீட்சைக்கு அழைத்துப் போகிறேன். புதுத் தட்டில் தீட்டிப் பெருக்கலாமென்று பலமுறை பார்த்தாகிவிட்டது, வளர மாட்டேன் என்கிறது. இந்த நான்கு தட்டுகள்தான் மொத்தக் குடும்பமும்.

என் நிலைமையை யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அது செத்தால் நான் ஜெயித்தேன். பிழைத்தால் என் மானம் போயிற்று. எதற்காக வேண்டிக்கொள்வது?

திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம்.

ஏப்ரல் 23, புதன்

காலை உணவில் குன்வோர்: "வெச்சாச்சா?" நான்: "வைக்கப் போறேன்." ஓட்வார்: "என் பிரஷ்ஷை மட்டும் வெச்சுடாதே."

ஏப்ரல் 29, செவ்வாய்

கொன்னுட்டா. மொத்தத்தையும் கொன்னுட்டா.

நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் நானும் ஓட்வாரும் பனியாற்றில் நட்ட அளவுக்கம்புகளைப் பார்க்கப் போனோம். கரடி பயத்தால் யாரும் தனியாகப் போகக்கூடாது, அவன் துப்பாக்கியோடு வந்தான். மாலையில் திரும்பும்போது குன்றிலிருந்தே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஜெனரேட்டர் சத்தம் இல்லை. சமையலறைப் புகைபோக்கியில் மட்டும் புகை.

இங்கே வந்து இறங்கும் எவருக்கும் முதல் நாளே சொல்லித் தரப்படுவது ஒன்றுதான். மின்சாரம் நின்றால், உறைந்து கெட்டுப்போகும் எதுவானாலும் அடுப்பு இருக்கும் அறைக்குத் தூக்கு. யோசிக்காதே, தூக்கு. குன்வோர் யோசிக்காமல் தூக்கியிருக்கிறாள். உருளைக்கிழங்கு, முட்டை, பியர், பேட்டரிகள், ஓட்வாரின் செடித்தொட்டி, எல்லாம் அடுப்பைச் சுற்றி அகதிகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. நடுவில் அவள். கனத்த கோட்டை மேல்வரை இழுத்துப் பூட்டிக்கொண்டு, வயிறு புடைத்து, நிறைமாதக்காரி மாதிரி.

என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"பயப்படாதே! ஒண்ணுகூட உறையல!"

ஜிப்பை இறக்கினாள். உள்ளே, நெஞ்சோடு நெஞ்சாக, என் தட்டுப் பெட்டி.

"காலையிலேர்ந்து இப்படியே வெச்சிருக்கேன். குளிர் அறை மைனஸ்ல எறங்க ஆரம்பிச்சுது. உசிருள்ள ஜீவனாச்சே, விட்டுட முடியுமா?"

நான் கத்தினேன். என்ன கத்தினேனென்று முழுசாக ஞாபகமில்லை. ஞாபகமிருப்பதை எழுதக் கூசுகிறது. குளிர் அறைக்காகத்தானே கொன்றாய் என்று கேட்டேன்.

"உறைஞ்சு செத்துடும்னு நெனச்சேன்யா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு அறைக்குப் போய்விட்டாள். நாய் பின்னாலேயே போனது.

பனியில வாழ்ற பூஞ்சைடீ! உறைஞ்சா சாகாது! உறைஞ்சுதானே கெடந்துது இத்தனை வருஷம்!

ஏப்ரல் 30, புதன்

ஓட்வார் ஜெனரேட்டரை ஓடவைத்துவிட்டான். ஏதோ வால்வு.

நான் என் நான்கு தட்டுகளிலிருந்தும் துளித்துளி எடுத்து நீலச் சாயத்தில் விட்டுப் பார்த்தேன். உயிருள்ள பூஞ்சையில் நீலம் நிற்காது. செத்தது முழுக்க நீலமாகிவிடும்.

நீலம். நீலம். நீலம். நீலம்.

மே 1, வியாழன்

ஓட்வார் இறுதிச் சடங்கு நடத்தலாம் என்றான். முதலில் கேலி என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிஜமாகவே வந்து நின்றான்.

"பொதைச்சுடலாமா?"

"உறைஞ்சு உப்புற இந்த மண்ணுல எதைப் பொதைச்சாலும் ரெண்டு வருஷத்துல மேல தள்ளிடும்."

"அப்ப மறுபடி வந்துடும்னு சொல்லு."

"ஓட்வார், இது பூஞ்சை."

"என் பல்லுல வளர்றதை மட்டும் என்னமோ பூந்தோட்டம்னு சொன்னே?"

சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டில் சிரித்த மாதிரி இருந்தது. தட்டுகளைத் தூக்கிப் போட மனம் வராமல் அப்படியே பெட்டியோடு குளிர் அறையில் வைத்து மூடினேன்.

மே 3, சனி

வாஃபிள் நாள். குன்வோர் தன் பங்கைத் தட்டில் எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். நான்கு நாளாக இப்படித்தான். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். என்மேல் தப்பில்லை என்றுதான் நினைத்தேன், ஓட்வார் வாயைத் திறக்கும்வரை.

"அவ தாளெல்லாம் போச்சு, தெரியுமா உனக்கு?"

"எந்தத் தாள்?"

"வடிகட்டித் தாள்தான்டா. குளிர்காலம் பூரா எடுத்தது. அடுப்பு மூட்டுனா சமையலறை சூடாயிடும், உறைபெட்டி உருகிடும்னு மீனையும் தாளையும் தூக்கி வெளிப்படியில வெச்சிருக்கா. நரி வந்துடுச்சு. மீன் வாடை அடிச்ச தாளாச்சே, விடுமா? ஒவ்வொண்ணா இழுத்துக்கிட்டுப் போயிருக்கு."

"அவ என்ன பண்ணிக்கிட்டிருந்தா?"

"ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு நின்னா. கத்தியிருக்கா, கண்ணாடியைத் தட்டியிருக்கா. வெளிய ஓடல."

"ஏன்?"

ஓட்வார் என்னை அடிமுட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "வெளிய வந்தா உன் பிள்ளைங்களுக்குக் குளிருமேன்னுதான்."

வாஃபிளைக் கீழே வைத்துவிட்டேன்.

என்மேல் எனக்கு இவ்வளவு வெறுப்பு வந்து நாளாயிற்று. கரடியே வந்தாலும் பயப்படாதவள், ஒரு நரியை விரட்ட நான்கு எட்டு வைக்காமல், தன் வேலை முழுவதும் பனியில் இழுபட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் வந்து, நீதான் கொன்றாய் என்றேன்.

மே 4, ஞாயிறு

மன்னிப்புக் கேட்க அவள் கதவைத் தட்டினேன். திறந்தாள். "உப்பு இருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

உப்பு சமையலறையில் இருக்கிறது. எப்போதும் அங்கேதான் இருக்கிறது. "இல்ல," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மே 8, வியாழன்

எதிலிருந்து ஆரம்பிப்பேன்!

பிற்பகலில் பெட்டியை எடுத்தேன். கடைசியில் கழுவத்தானே வேண்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு திறந்தேன். என் நான்கு தட்டுகளும் பழுப்பேறி, தண்ணீர் விட்டு, கண்கொண்டு பார்க்க முடியவில்லை. ஐந்தாவது, அந்தக் குளியலறைத் திரைத் தட்டு, அது ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன். அது மூடியை முட்டுமளவு வளர்ந்து கொழுத்துக் கிடந்தது. நல்ல ரோஸ், பளபளவென்று. நீலச் சாயத்தில் விட்டேன். ஒன்றில்கூட நீலம் நிற்கவில்லை. எல்லாம் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கின்றன.

ஒரு நிமிடம் எதுவும் புரியவில்லை. அப்புறம் முடி சிலிர்த்தது.

ஒரே பெட்டி. ஒரே கோட்டு. ஒரே சூடு, ஒரே நேரம். குளியலறையில் பிறந்தது பிழைத்தது. பனியில் பிறந்தது செத்தது. நான் செய்யத் துணிச்சல் இல்லாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட சோதனையை அவள் செய்து முடித்திருக்கிறாள். ஒப்பிட்டுப் பார்க்கத் தட்டுகூட உள்ளே வைத்து!

உள்செருப்போடு முற்றத்தைத் தாண்டி ஓடினேன். துப்பாக்கி இல்லை, கோட்டு இல்லை. குன்வோர் வடிகட்டிக் கோபுரத்தின் ஏணியில் நின்றுகொண்டிருந்தாள்.

"குன்வோர்! செத்துப்போச்சு! எல்லாம் செத்துப்போச்சு!"

"தெரியும். அதுக்குத்தானே இத்தனை நாளா சண்டை போட்டுக்கிட்டிருக்கே."

"இல்ல, என்னோடது மட்டும் செத்துப்போச்சு! திரையோடது பொழைச்சுக்கிச்சு!"

ஏணியிலேயே நின்று யோசித்தாள். முகம் மெல்ல மாறியது. "அப்ப உன்னோடது..."

"பனியோடது!"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். கால் விரல்கள் மரத்துப்போனதால் சிரித்துக்கொண்டே குதித்தேன். அதற்குப் பிறகுதான் அவள் சிரிப்பு நின்றது.

"அப்ப குளிர் அறை உனக்குத்தான்," என்றாள்.

அங்கேயே சொல்லிவிட்டேன். உப்பு கேட்கவில்லை. "நான் உன்கிட்ட பேசுனது அசிங்கம். நரி விஷயத்தை ஓட்வார் சொன்னான். மன்னிச்சுடு."

"செருப்பைப் பாரு, பூரா பனி. உள்ள போ மொதல்ல," என்றாள்.

மே 14, புதன்

சோதனை என்றால் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். அவள் கோட்டுக்குள் எத்தனை டிகிரி என்று யாருக்குத் தெரியும்? கேட்க வெட்கமாக இருந்தது. அவளே வெப்பமானியை வாங்கிக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு, அடுப்பருகே உட்கார்ந்து, கொலைக்கதை படித்தாள். நான் மேஜையில் உட்கார்ந்து, அவ்வப்போது கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

"இப்ப?"

"முப்பத்திரண்டு."

"இப்ப?"

"முப்பத்திமூணு. அட, கொலைகாரன் வீட்டுக்குள்ளயே இருக்கான்யா! முப்பத்தினாலு."

ஓட்வார் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொன்னான்: "என் வயசுல எவ்ளவோ பாத்துட்டேன். பொண்ணுகிட்ட இப்படிப் பேசி எவனும் தேறுனதை மட்டும் பாத்ததில்லை."

காது சூடேறியது. அதை அளக்கவில்லை.

மே 17, சனி

தேசிய நாள். போர்கில்ட் காலையில் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். ஊர்வலம் இல்லாமல் மே பதினேழா? மூன்று அடுக்குக் கம்பளிக்குமேல் கோட் சூட்டை மாட்டிக்கொண்டேன், கை மடங்கவில்லை. போர்கில்ட் கொடியோடு முன்னால், நானும் குன்வோரும் நடுவில், ஓட்வார் ஒரு தோளில் துப்பாக்கியும் கையில் அண்டாவுமாகத் தட்டிக்கொண்டு பின்னால். நாய்க்குக் கழுத்தில் ரிப்பன். ஜெனரேட்டர் கொட்டகையைச் சுற்றி "ஹுர்ரா" கத்திக்கொண்டே வலம் வந்தோம். பார்க்க யாருமில்லை. கடற்பறவைகள்கூட எழுந்து போய்விட்டன.

பிறகு சாசேஜும் ஐஸ்கிரீமும். ஐஸ்கிரீமைத் தின்றுகொண்டே போர்கில்ட் கேட்டார்: "சரி, பூஞ்சை என்னாச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் குன்வோர் ஆரம்பித்தாள். கோட்டு, பெட்டி, திரைத் தட்டு, நீலச் சாயம், எதையும் விடவில்லை. தனக்கு வரவேண்டிய குளிர் அறையைத் தன் வாயாலேயே தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் சாசேஜைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

போர்கில்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கட்டுரையில இதை எப்படி எழுதுவீங்க? சூடேத்துன கருவி எதுன்னு கேப்பாங்களே?"

"நான்தான்," என்றாள் குன்வோர்.

"ம்... சரி, நிரூபணம் நிரூபணம்தான். குளிர் அறை ஐவிந்துக்கு. உன் தாளெல்லாம் எங்க குன்வோர்?"

"நரிகிட்டதான் கேக்கணும்."

போர்கில்ட் சிரிக்கவில்லை. "அப்ப இந்த வருஷ வேலை போச்சு. வைக்க எடமும் இல்ல. நீ என்னோட நாளைக்கே கெளம்பிடேன், டிரோம்ஸோவுல வேற வேலை இருக்கு."

குன்வோர் தலையாட்டினாள். ஐஸ்கிரீம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ. "எனக்கு ஒரு அலமாரி போதும்," என்றேன். சத்தம் அதிகமாகிவிட்டது, நாய் குரைத்தது. "மிச்ச அறை பூரா அவ வெச்சுக்கட்டும். நடுவுல பலகை அடிச்சுக்கலாம். அவ இங்கதான் இருக்கணும்."

"எதுக்கு?" என்றார் போர்கில்ட்.

நியாயமான கேள்வி. காற்றை அளக்க வேண்டும், புகை முக்கியம், ஐரோப்பா என்று ஏதோ உளறினேன். நடுவில் ஓட்வார் அண்டாவை ஒரு தட்டுத் தட்டினான்.

போர்கில்ட் கடைசியில் கேட்டது இதுதான்: "பலகை அடிச்சா முடிஞ்சுபோற விஷயத்துக்காடா குளிர்காலம் பூரா என் உயிரை வாங்குனீங்க?"

நான் பலகைக்கு அளவெடுக்க எழுந்து போனேன்.

மே 18, ஞாயிறு

ஹெலிகாப்டரில் போர்கில்ட் மட்டும் போனார்.

மே 26, திங்கள்

பனியாறு. அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி துளைத்தோம். இந்தத் தடவை துப்பாக்கியோடு வந்தவள் குன்வோர். பனித்தண்டு வெளியே வந்தபோது பத்தடி தள்ளியே நின்றாள். "கிட்ட வரமாட்டேன். என் மூச்சுக்காத்து பட்டாலே போய்ச் சேர்ந்துடும்," என்றாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் முகம் வேடிக்கையாக இல்லை.

ஜூலை 12, சனி

தட்டுகளில் ஒன்றும் இல்லை. ஆறு வாஃபிள் தின்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

ஒன்றும் இல்லை. குன்வோர் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் ஒரே கேள்விதான்: "வந்தாச்சா?" உள்ளே என் பக்கம் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. தன் வேலைக்கு வரும்போதும் என் அலமாரியைத் தாண்டுமிடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறாள். அப்படியெல்லாம் வேண்டியதில்லை என்று எத்தனை தடவை சொல்வது?

அவள் கொன்ற நான்கையும் நான் மன்னித்து வெகுநாளாகிறது. அவள்தான் மன்னிக்கவில்லை. எனக்குப் பூஞ்சை வளர வேண்டுமென்ற ஆசையில் பாதி இப்போது இதற்காகத்தான்.

ஆகஸ்ட் 23, சனி

ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 6, சனி

வந்துவிட்டது!

மூன்று தட்டுகளில். குண்டூசித் தலையளவு, இளஞ்சிவப்பு. ஒரு துளி எடுத்துச் சாயத்தில் விட்டுப் பார்த்தேன், நீலம் நிற்கவில்லை.

"குன்வோர்! வந்து பாரு!" என்று கத்தினேன். பலகைக்கு அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்தது. ஓடுகிற சத்தம் கேட்டது. ஆனால் சத்தம் என் பக்கம் வரவில்லை, வெளிக்கதவுப் பக்கம் போனது. காத்திருந்தேன். ஆளைக் காணோம். ஓட்வார் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கா இந்தக் கூச்சல்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இன்னும் அவளைக் காணோம். எனக்குக் கோபம்கூட வந்தது.

கடைசியில் வந்தாள். வாசலில் நின்று இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். மணிக்கட்டுவரை சிவந்து, நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணுனே?"

"வெளியில வாளி நெறைய பனிக்கட்டி இருந்துச்சு. அதுக்குள்ளயே வெச்சுக்கிட்டு நின்னேன். விரல் மரத்துப்போற வரைக்கும்." பல் தந்தியடித்தது. "இப்ப தொடலாமா?"

தட்டைக் கொடுப்பதற்கு முன் கையைப் பிடித்துப் பார்த்தேன். சோதிக்கத்தான். உண்மையிலேயே ஜில்லென்று இருந்தது. பிடித்துக்கொண்டே நின்றேன். அவளும் இழுத்துக்கொள்ளவில்லை. தட்டு அலமாரியிலேயே இருந்தது.

"ஐவிந்த், சூடாயிடுச்சு," என்றாள். "மறுபடி போய் வெச்சுட்டு வரணும்."

தட்டு அவள் கைக்குப் போய்ச் சேருவதற்குள் மூன்று தடவை வாளிக்குப் போய்வர வேண்டியிருந்தது.